அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்கு வரி போடுவது யார்? ஒரு மூட்டை சிமென்ட்டுக்குள் இருக்கும் டெல்லி - சென்னை கணக்கு

அரியலூர் பக்கம் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு டிப்பர் லாரி, பின்னால் ஒரு டிப்பர் லாரி, நடுவில் நீங்கள். ஹெல்மெட் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும் தூசியைத் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். மழை பெய்தால் அதுவே சேறு.

அந்த லாரியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஒரு லாரியில் 20 டன் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கல் சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போதே அதன் தலையில் இரண்டு பெரிய தொகைகள் ஏறிவிடுகின்றன. ஒன்று ராயல்டி, டன்னுக்கு ரூ.80 வீதம் ரூ.1,600. இன்னொன்று நில வரி, டன்னுக்கு ரூ.160 வீதம் ரூ.3,200. இரண்டுமே போய்ச் சேர்வது தமிழக அரசின் கஜானாவுக்குத்தான். ஆனால் முதல் தொகை எவ்வளவு என்று முடிவு செய்வது டெல்லி. இரண்டாவதை முடிவு செய்வது சென்னை.

இந்த இரண்டாவது தொகையைப் போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்பதற்கு 35 ஆண்டுகள் வழக்கு நடந்தது. நாடாளுமன்றத்தில் 'நிதிப் பகிர்வு', 'கூட்டாட்சி' என்று எம்.பி.க்கள் பேசும்போது சேனலை மாற்றிவிடுகிறோம் இல்லையா? அந்தப் பேச்சு மொத்தமும் இந்த ஒரு லாரிக்குள் இருக்கிறது. இறக்கிப் பார்ப்போம்.

கடல் விட்டுப்போன சொத்து

அரியலூரும் பெரம்பலூரும் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தவை. டைனோசர்கள் உலவிய கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் இங்கே உள்ளே வந்து, பிறகு பின்வாங்கியது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் அடுக்கடுக்காகப் படிந்ததுதான் இன்றைய சுண்ணாம்புக்கல். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று இன்றும் கிடக்கிறது. காரை பக்கம் போனால் செம்மண் மேடுகளில் தொல்லுயிர் எச்சங்களைக் காலடியிலேயே பார்க்கலாம்.

அந்தக் கல்லை நம்பி வந்த ஆலைகள்தான் அரியலூரின் அடையாளம். அரசு நிறுவனமான டான்செம் 1979-ல் இங்கே ஆலை தொடங்கியது. பிறகு ராம்கோ கோவிந்தபுரத்துக்கு வந்தது, அல்ட்ராடெக் ரெட்டிப்பாளையத்தில், செட்டிநாடு கீழப்பழுவூரில், இந்தியா சிமென்ட்ஸ் தளவாயில். டால்மியாவும் உண்டு. மாவட்டத்தின் வரலாறு மட்டும் கொஞ்சம் தள்ளாட்டம். திருச்சியிலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்தது, 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது, 2007-ல் மீண்டும் தனி மாவட்டமானது. கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இல்லை, அதுவும் லாரி லாரியாகப் போய்க்கொண்டுதான் இருந்தது.

நம்ம கல், ஆனா ரேட் டெல்லியில்?

சுண்ணாம்புக்கல் சட்டத்தின் கண்ணில் 'பெருங்கனிமம்'. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டப்படி, பெருங்கனிமங்களுக்கான ராயல்டியை மத்திய அரசுதான் நிர்ணயிக்கும். வசூலித்து வைத்துக்கொள்வது மாநிலம். மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு முறைக்கு மேல் ராயல்டியை உயர்த்தக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம்.

சிமென்ட் ஆலைகள் பயன்படுத்தும் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு ரூ.80 என்று நிர்ணயித்தது 2014 செப்டம்பரில். இரும்புத்தாதுவுக்கு அப்படி இல்லை. அதற்கு ராயல்டி விற்பனை விலையில் 15 சதவீதம், விலை ஏறினால் ராயல்டியும் தானாக ஏறும். சுண்ணாம்புக்கல்லுக்கு ரூபாய்க் கணக்கு. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் டெல்லியில் யாராவது பேனாவை எடுக்கும்வரை அது எண்பதாகவே நிற்கும். 2014-ல் உங்கள் சம்பளம் என்ன, இப்போது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கல்லின் 'சம்பளம்' மாறவில்லை.

சரி, ராயல்டியை உயர்த்த முடியாத மாநிலம் வேறு வழி தேடாதா? தேடியது. அங்கேதான் கதை தொடங்குகிறது.

45 காசில் தொடங்கிய வழக்கு

பழைய சென்னை பஞ்சாயத்துச் சட்டம், 1958-ல் ஒரு பிரிவு இருந்தது. நிலவரியாகச் செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 காசு உள்ளாட்சி செஸ். பிறகு ஒரு திருத்தம் வந்தது. 'நிலவரி' என்பதில் கனிம ராயல்டியும் அடங்கும் என்றார்கள். அதாவது ஒரு ரூபாய் ராயல்டி கட்டினால் 45 காசு செஸ்ஸும் கட்ட வேண்டும்.

அந்த நேரத்தில் திருநெல்வேலிப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுத்துக்கொண்டிருந்த இந்தியா சிமென்ட்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது. 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது. ராயல்டி என்பதே ஒரு வரி, அதன் மேல் மாநிலம் இன்னொரு வரி போட முடியாது, கனிம ஒழுங்குமுறையை நாடாளுமன்றம் கையில் எடுத்துக்கொண்டுவிட்டது என்பது சாரம்.

இந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டின் 45 காசை மட்டும் காலி செய்யவில்லை. நிலக்கரி, இரும்புத்தாது வைத்திருக்கும் ஒடிசா, பிஹார், மேற்கு வங்கம் என எல்லா மாநிலங்களின் கையையும் கட்டிப்போட்டது.

2004-ல் ஒரு வேடிக்கை நடந்தது. கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பை எடுத்துப் படித்துவிட்டு, அதில் ஓர் அச்சுப்பிழை இருக்கிறது என்றது! 'ராயல்டி ஒரு வரி' என்று இருக்கும் இடத்தில் 'ராயல்டி மீதான செஸ் ஒரு வரி' என்று இருந்திருக்க வேண்டுமாம். ஒரு வார்த்தை விட்டுப்போனதால் 15 ஆண்டுகளாகப் பல மாநிலங்களின் வருவாய் போயிற்று என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் ஐந்து பேர் அமர்வு ஏழு பேர் அமர்வைத் திருத்த முடியாது. இரண்டு தீர்ப்புகளும் எதிரெதிராக நின்றன. 2011-ல் விஷயம் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அந்த அமர்வு உட்கார்ந்தது 2024-ல்.

2024 ஜூலை 25. தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு 8-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது இது: ராயல்டி வரி அல்ல. கனிமத்தை எடுத்துக்கொள்ளும் உரிமைக்காக, குத்தகைதாரர் நிலத்தின் உரிமையாளருக்குக் கொடுக்கும் ஒப்பந்தத் தொகை. ஆகவே கனிமம் உள்ள நிலத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. வரி எவ்வளவு என்று கணக்கிட, எத்தனை டன் எடுத்தார்கள் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பி.வி.நாகரத்னா. ராயல்டி வரியின் தன்மை கொண்டதுதான், மாநிலங்களை அவிழ்த்துவிட்டால் வரி போடுவதில் ஆரோக்கியமற்ற போட்டி வரும், கனிம வளர்ச்சி நாடு முழுக்க ஒரே சீராக இருக்காது என்பது அவரது கவலை. தள்ளிவிட முடியாத கவலைதான். ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

மத்திய அரசு இந்த வழக்கில் மாநிலங்களுக்கு எதிராக வாதாடியது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 14-ல், பழைய பாக்கியையும் மாநிலங்கள் கேட்கலாம், 2005 ஏப்ரல் 1 முதலான காலத்துக்கு, 2026 ஏப்ரல் தொடங்கி 12 ஆண்டுத் தவணையில் என்று நீதிமன்றம் அனுமதித்தது. முன்பே இதற்கான சட்டம் வைத்திருந்த மாநிலங்களுக்குத்தான் இதனால் பலன்.

ரூ.160 எப்படி வந்தது?

தீர்ப்பு வந்த ஐந்தே மாதத்தில், 2024 டிசம்பர் கூட்டத்தொடரில், தமிழகச் சட்டப்பேரவை 'தமிழ்நாடு கனிம வளம் உள்ள நில வரிச் சட்டம், 2024'-ஐ நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 4 முதல் அமலுக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு ரூ.160. ராயல்டியைப் போல இரண்டு மடங்கு.

சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். கனிம வரி அல்ல, 'நில வரி'. இது சும்மா வைத்த பெயர் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இரண்டு வரிகள் உள்ளன. 49-வது இனம் நிலம், கட்டடங்கள் மீதான வரி. 50-வது இனம் கனிம உரிமைகள் மீதான வரி. இரண்டாவதற்கு ஒரு கடிவாளம் உண்டு. கனிம மேம்பாடு பற்றி நாடாளுமன்றம் சட்டம் போட்டு வரம்பு விதித்தால் மாநிலம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். முதலாவதற்கு அந்தக் கடிவாளம் இல்லை என்று ஒன்பது பேர் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே 'நிலம்' என்ற வார்த்தை ஒரு கவசம். நாளைக்கே டெல்லி சட்டத்தைத் திருத்தினாலும் சட்டென்று கைவைக்க முடியாது.

ஒரு மூட்டையை உடைப்போம்

இப்போது உங்கள் பாக்கெட்டுக்கு வருவோம். ஒரு டன் சிமென்ட் என்றால் 50 கிலோ மூட்டை 20. சாம்பல் கலந்த பிபிசி ரகத்துக்குத் தோராயமாக ஒரு டன்னுக்கு ஒரு டன் சுண்ணாம்புக்கல் என்று எளிய கணக்காக வைத்துக்கொள்வோம். ஓபிசி ரகம் என்றால் இன்னும் கூடும். அப்படிப் பார்த்தால் மூட்டைக்கு ராயல்டி ரூ.4, நில வரி ரூ.8.

ஜிஎஸ்டி இதையெல்லாம் விடப் பெரிய சுமை. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து சிமென்ட்டுக்கு 28 சதவீதம். ஏசி, காருக்குப் பக்கத்து இருக்கை! 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை ரூ.300 என்று வைத்தால் முன்பு ரூ.84 வரி, இப்போது ரூ.54. மூட்டைக்கு ரூ.30 குறைய வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் கடைக்காரரிடம் பில்லை வாங்கி இந்த வரியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இந்தக் குறைப்பு நாடாளுமன்ற விவாதத்தில் முடிவானதல்ல. மத்திய நிதியமைச்சர் தலைமையிலான ஜிஎஸ்டி கவுன்சில் செப்டம்பர் 3-ல் எடுத்த முடிவு. அங்கே மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும், மத்திய அரசு வேண்டாம் என்றால் அங்கே எதுவும் நடக்காது.

அந்த ரூ.54 யாருக்கு? பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. எந்த மாநிலத்துக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கல்லைத் தோண்டிய மாநிலத்துக்கு அல்ல, சிமென்ட்டை வாங்கிய மாநிலத்துக்கு. ஜிஎஸ்டி நுகர்வு இடத்துக்கான வரி. அரியலூர் மூட்டை பெரம்பலூரில் விற்றால் ரூ.27 தமிழ்நாட்டுக்கு. அதே மூட்டை பாலக்காட்டில் விற்றால் ரூ.27 கேரளத்துக்கு. ஜிஎஸ்டிக்கு முன்பு, வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கின் மீது 2 சதவீத மத்திய விற்பனை வரி இருந்தது. அதை வைத்துக்கொண்டது உற்பத்தி செய்த மாநிலம். அது போய்விட்டது. போனதற்கு ஈடாக ஐந்து ஆண்டுகள் கொடுக்கப்பட்ட இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது.

மத்திய அரசு எடுத்துக்கொண்ட ரூ.27-லிருந்து ஏதாவது திரும்பி வருமா? வரும். பகிரக்கூடிய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்பது 15-வது நிதிக்குழுவின் பரிந்துரை. அதாவது ரூ.27-ல் சுமார் ரூ.11 எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அந்தக் குழுவின் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. போட்டுப் பாருங்கள்: 45 காசு.

ஆமாம், மறுபடியும் 45 காசு. தற்செயல்தான். ஆனாலும் மறக்க முடியாத தற்செயல்.

ஆக, கேரளத்துக்குப் போகும் மூட்டையில் தமிழ்நாட்டின் கையில் நிற்பது ராயல்டி ரூ.4, இந்த 45 காசு. நில வரி ரூ.8 வந்த பிறகு மொத்தம் ரூ.12.45. குழியும் தூசியும் உடைந்த சாலையும் நமக்கு, வரி வேறு ஊருக்கு என்ற நிலையில், உற்பத்தி செய்யும் மாநிலம் சொந்தமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய வரிகள் மிகச் சில. அதில் இது ஒன்று. மாநிலம் ஏன் இதை இவ்வளவு அவசரமாகப் பிடித்துக்கொண்டது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

மறுபக்கமும் உண்டு. நீதிபதி நாகரத்னா சொன்ன போட்டி இதுதான்: அரியலூரில் டன்னுக்கு ரூ.160 கூடினால், அந்த வரி இல்லாத பக்கத்து மாநில ஆலைக்கு மூட்டைக்கு எட்டு ரூபாய் சாதகம். அடுத்த ஆலையை எங்கே கட்டுவது என்று நிறுவனம் யோசிக்கும்போது இந்த எட்டு ரூபாய் மேசையில் இருக்கும். அல்லது அது விலையில் ஏறி, இரண்டு பெட்ரூம் வீடு கட்டுகிறவர் தலையில் விழும். இரண்டில் ஒன்று நடக்கும், இரண்டுமேகூட நடக்கலாம்.

இன்னொரு விஷயம் சொல்லாமல் போனால் அரியலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஜெயங்கொண்டம் அருகே இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர். சரக்குகள் மீதான சுங்கத்தை நீக்கியதற்காக வரலாற்றில் நிற்கும் ராஜாவின் தலைநகரம் இருந்த மாவட்டத்தில்தான் இத்தனை வரிக் கணக்கும்.

மாவட்டத்துக்கு என்ன கிடைக்கிறது?

ராயல்டியும் நில வரியும் சென்னைக்குப் போகின்றன. மாவட்டத்திலேயே நிற்கும் பணம் ஒன்று உண்டு: மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி. 2015-ல் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தில் பிறந்தது. பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், 2015-க்குப் பிறகு ஏலத்தில் எடுத்த குத்தகை என்றால் 10 சதவீதம். நம் மூட்டைக் கணக்கில் ரூ.1.20 அல்லது 40 காசு. இந்தப் பணத்தில் குறைந்தது 70 சதவீதம் குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் போன்றவற்றுக்குச் செலவாக வேண்டும் என்பது 2024 வழிகாட்டுதல். சுரங்கத்திலிருந்து 15 கி.மீ. சுற்றளவு நேரடிப் பாதிப்புப் பகுதி.

யார் முடிவு செய்கிறார்கள்? ஆட்சியர் தலைமையிலான குழு. 2021-ல் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி தொகுதி எம்.பி.யும் எம்எல்ஏக்களும் அதில் உறுப்பினர்கள். இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் அரியலூர் கிடையாது. அது குளித்தலை, முசிறி, துறையூர், லால்குடி, மண்ணச்சநல்லூர் என்று காவிரிக் கரைப் பக்கம் நீள்கிறது. 2024-ல் இங்கே வென்றவர் திமுகவின் கே.என்.அருண் நேரு. அரியலூரும் ஜெயங்கொண்டமும், பெரம்பலூர் மாவட்டத்திலேயே உள்ள குன்னமும் சிதம்பரம் தொகுதியில் வருகின்றன. அங்கே விசிகவின் தொல்.திருமாவளவன். குன்னத்துக்காரர் ஆட்சியரைப் பார்க்கப் போவது பெரம்பலூருக்கு, அவருடைய எம்.பி. நிற்பது சிதம்பரத்தில்.

இந்த நிதியில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய்க் கட்டணம்.

பெரம்பலூரின் கல் வேறு கணக்கு. அங்கே குவாரியில் உடைப்பது சாதாரணக் கல், ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் போவது. அது 'சிறுகனிமம்'. அதற்கான உரிமத்தொகையை, அதாவது சீனியரேஜை, நிர்ணயிப்பது மாநில அரசேதான். டெல்லிக்கு வேலை இல்லை. அதனால்தான் 2025 ஏப்ரலில் வரி உயர்வை எதிர்த்துக் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பேச்சுவார்த்தை சென்னையிலேயே முடிந்தது. சீனியரேஜும் குறைக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல்லின் ராயல்டிக்கு அப்படி ஒரு வாசல் சென்னையில் இல்லை.

நாடாளுமன்றத்தில் இனி என்ன?

1957 சட்டத்தை நாடாளுமன்றம் அடிக்கடி திருத்துகிறது. 2015, 2020, 2021, 2023, கடைசியாக 2025 ஆகஸ்ட். கடைசித் திருத்தத்தில் தேசிய கனிம ஆய்வு அறக்கட்டளைக்குச் செலுத்தும் பங்கு ராயல்டியில் 2 சதவீதத்திலிருந்து 3 ஆக உயர்ந்தது. நம் மூட்டையில் 12 காசு. இதை முடிவு செய்தபோது அவையில் பிஹார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கூச்சலுக்கு நடுவே மசோதா நிறைவேறியது. அந்த விவகாரம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல் தோண்டும் மாவட்டங்களைப் பற்றி அன்று அவையில் ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம்.

இனி பார்க்க வேண்டியவை இரண்டு. ராயல்டி ரூ.80 மாறுகிறதா என்பது ஒன்று. அதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம், மத்திய சுரங்க அமைச்சகத்தின் அறிவிக்கை போதும். எம்.பி.க்கள் கேள்வி நேரத்தில் கேட்டு நெருக்கலாம். மாநிலங்கள் போடும் கனிம வரிக்கு உச்சவரம்பு வைக்க மத்திய அரசு மசோதா கொண்டுவருகிறதா என்பது மற்றொன்று. வந்தால், 'நில வரி' என்ற கவசம் எவ்வளவு தாங்கும் என்பதை மறுபடியும் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருக்கும். போன முறை அதற்கு 35 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அரியலூரில் எத்தனை குழிகள் தோண்டி முடிந்திருந்தன என்பதை, கூகுள் மேப்பில் சாட்டிலைட் காட்சியைத் தட்டி, நகரத்தைச் சுற்றி வெள்ளையாகத் தெரியும் இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.